குறித்த உயரம்: மாதிரி ராக்கெட் வழியே அறிவியலும் பொறியியலும்

மாதிரி ராக்கெட் என்றதும் நம்மவர் பலருக்குத் தீபாவளி ராக்கெட்தான் நினைவுக்கு வரும். காலி பாட்டிலில் குச்சியைச் செருகி, ஊதுபத்தியால் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிய அனுபவம் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. அது எத்தனை மீட்டர் உயரம் போகும் என்று யாரும் முன்கூட்டிக் கேட்டதில்லை. போய் வெடித்தால் சரி. பக்கத்து வீட்டு மாடிக்குள் புகாமல் இருந்தால் அதைவிடச் சரி.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வரும் ராக்கெட் வேறு. அட்டைக் குழலால் ஆன உடல், பால்சா மரத்திலோ மெல்லிய ஒட்டுப்பலகையிலோ வெட்டிய வால் துடுப்புகள், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, உள்ளே மடித்து வைத்த பாராசூட். உடல், மூக்கு, துடுப்பு எதிலும் உலோகம் கூடாது. எரியும் மோட்டார் தொழிற்சாலையில் செய்து வருவது; மாணவர்கள் மருந்தைக் கையால் தொடுவதில்லை. திரிக்குப் பதில் மின்கம்பி. சிறிய மோட்டார் என்றால் ஐந்து மீட்டர், பெரியது என்றால் ஒன்பது மீட்டர் தள்ளி நின்று, உரக்க எண்ணிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். மேலே போன ராக்கெட் வெடிப்பதில்லை. பாராசூட்டை விரித்துக்கொண்டு இறங்குகிறது. புது மோட்டார் செருகினால் மறுபடியும் பறக்கிறது.

அமெரிக்காவில் பொறியாளனாக வேலை பார்த்துக்கொண்டே, சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் ஓர் உயர்நிலைப் பள்ளிக் குழுவுக்கும், பின்னர் ஒரு கல்லூரிக் குழுவுக்கும் வழிகாட்டியாக இருந்து வருகிறேன். இதைப் பாடமாக்குவதற்கு இரண்டு வழிகள் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒன்று, கடையில் பெட்டி வாங்கி, படத்தைப் பார்த்து ஒட்டி, மைதானத்தில் ஏவி, கைதட்டிவிட்டு வீடு திரும்புவது. பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு; பசை ஒட்டும் பயிற்சியும் கிடைக்கும். மற்றது, ஏவுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பது: "இது எவ்வளவு உயரம் போகும்? எண்ணைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடு." அந்தத் தாள் என் கைக்கு வந்தபிறகு ராக்கெட் விளையாட்டுப் பொருளாக இருப்பதில்லை.

பிறந்த கதை

மாதிரி ராக்கெட் பிறந்ததே பாடம் நடத்தும் கருவியாகத்தான். நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் என்னும் சிற்றூரில் ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக்கடை வைத்திருந்தார். வாணவேடிக்கை செய்வதற்கு உரிமமும் பெற்றிருந்தார். அவருடைய சகோதரர் ராபர்ட் மாதிரி விமானப் பிரியர்; ராக்கெட் பறக்கும் தத்துவத்தைப் பற்றி ஊரில் சொற்பொழிவு செய்து வந்தார். சொற்பொழிவில் காட்டுவதற்கு உண்மையில் பறக்கிற ஒரு சின்ன ராக்கெட் வேண்டும் என்று சகோதரர்கள் இருவரும் சேர்ந்து 1954ல் செய்ததுதான் முதல் மாதிரி ராக்கெட். 'ராக்-எ-ஷூட்' என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 4 அன்று, ரஷ்யாவின் ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கியது. அமெரிக்காவின் சிறுவர்கள் எல்லோருக்கும் ராக்கெட் பைத்தியம் பிடித்தது. கார் கொட்டகையிலும் வீட்டு நிலவறையிலும் இரும்புக் குழாய்க்குள் கண்ட ரசாயனங்களையும் அடைத்துப் பற்றவைத்தார்கள். விரல்களையும் கண்களையும் இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு. நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன் என்ற பொறியாளர் ராக்கெட் தொழிலின் பாதுகாப்பைப் பற்றி அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓர் இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வைத்தார். சிறுவர்களிடம் 'ராக்கெட் செய்யாதே' என்று சொல்லிப் பயனில்லை, பத்திரமான மோட்டாரைக் கையில் கொடுத்துவிடலாம் என்பது ஸ்டைனுக்குப் புரிந்தது. 1957லேயே டென்வர் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். தேசிய ராக்கெட்டியல் சங்கமும் அதே ஆண்டில் அவர் முயற்சியால் உருவானது. மோட்டார்களைக் கையால் செய்து கட்டுபடியாகாததால் வெர்ன் எஸ்டெஸ் என்பவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். எஸ்டெஸ் ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் செய்து தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். அதன் செல்லப் பெயர் 'மேபல்'. இன்றைக்கும் கடையில் கிடைக்கும் சின்ன மோட்டார்களில் பெரும்பகுதி எஸ்டெஸ் பெயரில்தான் வருகின்றன.

அதே ஸ்புட்னிக் காலத்தில், மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், தாமே எரிபொருள் கலந்து ராக்கெட் விட்ட பையன்களின் கதையை ஹோமர் ஹிக்கம் 1998ல் 'ராக்கெட் பாய்ஸ்' என்ற நூலாக எழுதினார். அடுத்த ஆண்டு 'அக்டோபர் ஸ்கை' என்ற திரைப்படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு "நாமும் மருந்து கலக்கலாமா?" என்று கேட்கும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது வருவார். நான் அவரிடம் நூலைப் படிக்கச் சொல்வேன். ராக்கெட்டின் பீச்சுமுனையை வடிவமைக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பையன்கள் நுண்கணிதத்தைத் தேடிப் போய்க் கற்றார்கள். 1960ல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசும் பெற்றார்கள். நூலில் கைக்கொள்ளத் தக்க பகுதி அதுதான். மருந்து கலப்பதை அந்த ஊரின் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம்.

மோட்டார் மேல் எழுதியிருப்பது

கட்டைவிரல் பருமனும் 7 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட காகித மோட்டார் ஒன்றின் மேல் 'சி6-5' என்று அச்சிட்டிருக்கும். முதல் வகுப்பு முழுவதையும் இந்த மூன்று குறிகளிலேயே நடத்திவிடலாம்.

எழுத்து, மோட்டார் தரும் மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கிறது. அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கி வருவது. 'ஏ' என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி, 'பி' என்றால் 5, 'சி' என்றால் 10. ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பு. நடுவில் உள்ள 6 சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசியில் உள்ள 5, எரிபொருள் தீர்ந்தபின் பாராசூட் வெளியேறும்வரை கழியும் விநாடிகள். அந்த இடைவெளியில் ராக்கெட் எரிவதில்லை. மெல்லிய புகையை மட்டும் விட்டுக்கொண்டு, தன் வேகத்திலேயே மேலேறிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு சிறு வெடிப்பு முன்பக்கமாகத் தள்ளி, மூக்குக் கூம்பைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே எறிகிறது.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை மாணவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் மோட்டாரை விசைமானியில் பொருத்தி எரித்துப் பார்த்தோம். 'சி' மோட்டார் 10 தரவில்லை. 9க்குச் சற்றுக் குறைவாகவே தந்தது. உந்துவிசையும் சீராக 6 நியூட்டனில் நிற்கவில்லை. முதல் கால் விநாடியில் 14 நியூட்டன் அளவுக்கு எகிறி, உடனே இறங்கி, ஏறக்குறைய சமதளமாக ஓடி முடிந்தது. எழுந்து நகரத் தொடங்கும்போதுதான் ராக்கெட்டுக்கு அதிக விசை வேண்டும்; ஏவுகம்பியை விட்டு நீங்குவதற்குள் துடுப்புகளில் போதுமான காற்று ஓட வேண்டும். அந்த வளைவரையின் கீழுள்ள பரப்பைக் கட்டம் எண்ணிக் கூட்டச் சொன்னேன். தொகைநுண்கணிதத்தில் பல மாதம் கணக்குப் போட்டிருந்த பையன், "இதுதானா அது?" என்று கேட்டான்.

590 மீட்டர்

எங்கள் குழுவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் கணக்கில் கெட்டிக்காரி. ராக்கெட்டின் எடை மோட்டாரோடு சேர்த்து 80 கிராம், குழலின் விட்டம் 25 மில்லிமீட்டர், மோட்டார் சி6-5. எரிபொருள் குறைந்துகொண்டே போவதால் சராசரி நிறையை 75 கிராம் என்று எடுத்துக்கொண்டாள். கணத்தாக்கு 8.8, அதை நிறையால் வகுத்து, எரியும் 1.85 விநாடியில் புவியீர்ப்பு பறித்துக்கொள்ளும் வேகத்தைக் கழித்தால் விநாடிக்கு 99 மீட்டர். எரிபொருள் தீரும்போது உயரம் சுமார் 90 மீட்டர். அங்கிருந்து, எறிந்த கல்லைப் போல, இன்னும் 500 மீட்டர் ஏறும். மொத்தம் 590 மீட்டர். தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

ராக்கெட் போனது 245 மீட்டர்.

அவள் முகம் வாடிப்போனது. "அங்கிள், கணக்கு சரிதானே?" என்றாள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. காற்று இல்லாத ஒரு கிரகத்திற்கு அது சரியான விடை. நாம் எல்லோரும் படித்த இயற்பியலில் 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்' என்று ஒரு வரி கேள்விக்குக் கேள்வி வரும். அந்த வரியின் விலை என்ன என்று யாரும் சொன்னதில்லை. இந்த ராக்கெட்டில் அதன் விலை பாதி உயரத்துக்கும் மேல்.

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. எனவே 99 மீட்டர் வேகத்தையும் அது எட்டவிடாது. தடைக் கெழுவை 0.75 என்று வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் உச்ச வேகம் விநாடிக்கு 85 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உயரம் 270 மீட்டர் அளவுக்கு வருகிறது. இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. காற்று இல்லையென்றால் எரிபொருள் தீர்ந்தபின் உச்சிக்குப் போக 10 விநாடி ஆகும். காற்று இருந்தால் 5.6 விநாடிதான். மோட்டாரில் 5 என்று எழுதியிருப்பது ஏன் என்று அப்போது விளங்குகிறது. 590 மீட்டரை நம்பிப் பத்து விநாடித் தாமதம் உள்ள மோட்டாரைப் போட்டிருந்தால், ராக்கெட் உச்சியைத் தாண்டி நாலரை விநாடி தலைகீழாகப் பாய்ந்தபின் பாராசூட் விரிந்து, கயிறு அறுந்திருக்கும்.

இன்னும் 25 மீட்டர் குறைகிறதே? மாணவர்கள் உடனே உயரமானியைச் சந்தேகித்தார்கள். நல்ல சந்தேகம்தான். ராக்கெட்டுக்குள் வைத்த உயரமானி காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்வது. அதோடு ஒப்பிட, ஏவுமேடையிலிருந்து 150 மீட்டர் தள்ளி நின்ற ஒரு மாணவன், பாகைமானியும் ஈயக்குண்டும் கட்டிய எளிய கருவியால் உச்சியின் கோணத்தைப் பார்த்திருந்தான். 58.5 பாகை. அதன் டேஞ்சன்ட்டை 150ஆல் பெருக்கினால் 245 மீட்டர். இரண்டும் ஒத்துப்போனதைக் கண்டு எல்லோரும் குதித்தார்கள். "ஒரு பாகை கைநடுங்கியிருந்தால்?" என்றேன். கணக்குப் போட்டார்கள்: ஏறத்தாழ 10 மீட்டர் மாறும். அப்படியானால் 245 என்பது 245 அல்ல, 235க்கும் 255க்கும் இடையில் எங்கோ. எண்ணோடு அதன் நிச்சயமின்மையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

எப்படியும் 270 அதற்குள் வரவில்லை. அப்படியானால் கெழு 0.75 அல்ல, கணக்கைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினால் 0.95 கிடைக்கிறது. ராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். துடுப்புகளின் விளிம்பு வெட்டியபடியே சதுரமாக இருந்தது. பசை வழிந்து காய்ந்திருந்தது. மரத்தின் நார் விரலில் தட்டுப்பட்டது. ஒரு வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைச் சரித்து, இரண்டு பூச்சு வண்ணம் அடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை 258 மீட்டர். அந்தப் பெண் அன்று எழுதிக் கொடுத்த எண் 260.

இப்போது இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது. 2009ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் முதுகலை ஆய்வேடாகத் தொடங்கிய 'ஓப்பன் ராக்கெட்' இலவசமாகவே கிடைக்கிறது. நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் முதல் ராக்கெட்டுக்கு அதைத் திறக்க நான் விடுவதில்லை. கையால் ஒருமுறையாவது போட்டவர்களுக்குத்தான் திரையில் வரும் எண் எங்கே பொய் சொல்லக்கூடும் என்று தெரிகிறது.

குச்சியின் ரகசியம்

தீபாவளி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டுப் பற்றவைத்தவர்களுக்குத் தெரியும், அது எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குச்சி செய்யும் வேலையை மாதிரி ராக்கெட்டில் துடுப்புகள் செய்கின்றன. பறக்கும் பொருள் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித் திரும்புகிறது. காற்றின் பக்கவாட்டு அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அது அழுத்த மையம். அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும் காற்றே அதைத் திருப்பி நேராக்கிவிடும். முன்னால் இருந்தால் சாய்வு இன்னும் பெருகும். பின்னால் இருந்தால் மட்டும் போதாது. குறைந்தது ஒரு குழல் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும் என்பது வழக்கு.

ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்க விரல்மேல் வைத்துச் சமன்செய்தால் போதும். அழுத்த மையம் அப்படி அகப்படாது. நாசாவின் காடர்ட் மையத்தில் ஆய்வு ராக்கெட்டுகளில் வேலை செய்த ஜேம்ஸ் பாரோமன், தானும் மாதிரி ராக்கெட் பிரியர் என்பதால், அதைக் கணக்கிடும் முறையை 1966ல் உயர்நிலைப் பள்ளி இயற்கணிதம் தெரிந்தவர்கள் போடக்கூடிய அளவுக்கு எளிமையாக்கிக் கொடுத்தார். மூக்குக்கு ஒரு பங்கு, துடுப்புகளுக்கு ஒரு பங்கு என்று பிரித்து எடையிட்ட சராசரி எடுப்பதுதான் அதன் சாரம். சாய்வு சிறிதாக இருக்கும்வரை நன்றாகப் பொருந்தும்.

கணக்கை நம்பாதவர்களுக்கு ஒரு கயிறு போதும். ஈர்ப்பு மையத்தில் கயிற்றைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், நிலையான ராக்கெட் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு வரும். ஒரு மாணவன் போர்விமானம் போல இருக்க வேண்டும் என்று மூக்கருகே இரண்டு பெரிய இறக்கைகளை ஒட்டிவந்தான். பார்க்க அழகுதான். கயிற்றில் கட்டிச் சுழற்றியதும் அது வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறந்தது. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். இறக்கைகளைக் கழற்ற அவனுக்கு மனமில்லை. மூக்குக்குள் களிமண் அடைத்து ஈர்ப்பு மையத்தை முன்னால் கொண்டுவந்தான். எடை கூடியதால் உயரம் குறைந்தது. பெரிய விமானங்களைக் கட்டுகிறவர்களும் இதே பேரத்தைத்தான் நடத்துகிறார்கள்.

பாராசூட்டிலும் ஒரு பேரம் உண்டு. 30 சென்டிமீட்டர் பாராசூட்டில் இந்த ராக்கெட் விநாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் இறங்கும். 245 மீட்டரிலிருந்து தரைக்கு வர 54 விநாடி. அன்று காற்று விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 216 மீட்டர் தள்ளிப் போய் விழும். பாராசூட்டைப் பெரிதாக்கினால் துடுப்பு உடையாது, ராக்கெட் காட்டுக்குள் போய்விடும். சிறிதாக்கினால் கைக்கெட்டும் இடத்தில் விழும், துடுப்பு உடையும். மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ மாட்டிக்கொண்ட ராக்கெட்டை எடுக்க முயலக்கூடாது என்பது சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. அதற்காக அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முட்டை

2003ல் அமெரிக்க வான்வெளித் தொழில் சங்கமும் தேசிய ராக்கெட்டியல் சங்கமும் சேர்ந்து, மனிதன் விமானத்தில் பறந்த நூற்றாண்டை ஒட்டி, பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கின. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை சேரலாம். இறுதிச் சுற்று வர்ஜீனியாவில் தி பிளெய்ன்ஸ் என்ற ஊரின் புல்வெளியில் மே மாதம் நடக்கும்; முதல் நூறு அணிகள் வரும். வெல்லும் அணி பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் அணிகளோடு மோதப் பாரிஸ் அல்லது ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சிக்குப் போகும்.

இந்தப் போட்டியை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 'யார் ராக்கெட் அதிக உயரம் போகிறது' என்று வைத்திருந்தால், காசு உள்ளவர்கள் பெரிய மோட்டார் வாங்கி வென்றிருப்பார்கள். இங்கே உயரத்தை அவர்களே குறித்துக் கொடுக்கிறார்கள், ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். கூடப் போனாலும் குறையப் போனாலும் அடிக்கு ஒரு தண்டப்புள்ளி. ஏவியதிலிருந்து தரை தொடும்வரை ஆகும் நேரத்துக்கும் ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் விநாடிக்கு இத்தனை என்று தண்டம். உள்ளே பச்சைக் கோழிமுட்டை ஒன்றோ இரண்டோ பயணியாக இருக்கும். முட்டையில் கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு. சந்திரப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டான 2019ல், மூன்று விண்வெளி வீரர்களின் நினைவாக மூன்று முட்டைகள் வைக்கச் சொன்னார்கள்.

குறித்த உயரத்தைத் தொட வேண்டும் என்றதும் எல்லாமே மாறிவிடுகிறது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கள் ஒன்றுபோல் எரிவதில்லை என்பது பிரச்சினையாகிறது. காலைக் குளிரில் காற்று அடர்த்தியாக இருப்பதால் உயரம் குறைகிறது, மதியம் கூடுகிறது. கோழிமுட்டைகள் ஒரே எடையில் இருப்பதில்லை. எனவே முட்டையை நிறுத்து, குறைகிற கிராமுக்குக் களிமண் சேர்க்க வேண்டும். எங்கள் மாணவர்கள் ஒவ்வோர் ஏவலுக்கும் வெப்பம், காற்று, எடை, மோட்டாரின் தொகுப்பு எண், உயரம், நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார்கள். பதினெட்டாவது ஏவலுக்குப் பிறகு அந்த நோட்டைப் பார்த்தே, "இன்றைக்கு மூன்று கிராம் சேர்த்தால் போதும்" என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள். நாங்கள் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. நோட்டு இன்னும் பள்ளியில் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதிலிருந்துதான் தொடங்கினார்கள்.

கல்லூரியில்

கல்லூரி மாணவர்களுக்கு ராக்கெட் பெரிதாகிறது. அதைவிடப் பெரிதாவது காகித வேலை. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் நாசாவின் மார்ஷல் மையம் நடத்தும் மாணவர் ஏவல் திட்டம் எட்டு ஒன்பது மாதம் நீள்வது. முன்மொழிவு, முதற்கட்ட வடிவமைப்பு ஆய்வு, இறுதி வடிவமைப்பு ஆய்வு, பறக்கத் தயார்நிலை ஆய்வு, ஏவியபின் மதிப்பீடு என்று உண்மையான விண்கலத் திட்டங்கள் கடக்கும் படிகளை மாணவர்களும் ஏற வேண்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே இலக்கு, ஒரு மைல் உயரம். இப்போது ஒவ்வோர் அணியும் 4,000 முதல் 6,000 அடிக்குள் தன் இலக்கைத் தானே அறிவிக்க வேண்டும். மாதக்கணக்கில் முன்பே அறிவித்த பிறகு மாற்ற முடியாது. தரையில் மோதும்போது எந்தத் துண்டின் இயக்க ஆற்றலும் ஏறத்தாழ 100 ஜூலைத் தாண்டக்கூடாது. பெரிய மோட்டாரைக் கையாளுவது மாணவர் அல்ல, சான்றிதழ் பெற்ற வழிகாட்டி.

நம் பிள்ளைகள் பலருக்கு இங்கேதான் மூச்சு முட்டுகிறது. தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகியவர்களுக்கு, ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மூத்த பொறியாளர் "இந்தத் திருகாணி ஏன் இந்த அளவு?" என்று கேட்கும்போது 'கடையில் அதுதான் இருந்தது' என்ற பதிலை வெளியே சொல்ல முடிவதில்லை. சொல்லிவிட்டுக் கணக்கையும் காட்டினால் அது ஏற்கத்தக்க பதில்தான். ஒரு மாணவன் பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்தின் அளவைத் தரையில் சோதிக்காமலே, கணக்கு சரியாக இருக்கிறது என்று வாதாடினான். சகமாணவி ஒருத்தி விடவில்லை. சோதித்தபோது ஊசிகள் அறுபடவில்லை. மூக்கு அசையவே இல்லை. அப்படியே ஏவியிருந்தால் பல கிலோ எடையுள்ள ராக்கெட் பாராசூட் இல்லாமல் வயலில் பாய்ந்திருக்கும். அவள் குரல் கொடுத்ததற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடையாது. வேலைக்கு எடுப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்களும் உண்டு. தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் தாமே செய்த ராக்கெட்டை 2019 ஏப்ரலில் 100 கிலோமீட்டர் எல்லைக்கு மேல் அனுப்பினார்கள். 2024 அக்டோபரில் மற்றொன்றை 143 கிலோமீட்டருக்கு. தமிழ்நாட்டிலும் 2023 பிப்ரவரி 19 அன்று, மாமல்லபுரம் பக்கத்துப் பட்டிபுலத்திலிருந்து ஒரு கலப்பின ராக்கெட், பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்த 150 சிறு கருவிப் பொதிகளைச் சுமந்து எழுந்தது. செய்திகளில் அவற்றைச் செயற்கைக்கோள் என்றார்கள். சுற்றுப்பாதைக்குப் போனவை அல்ல. அளவீடு செய்துகொண்டு மேலே போய்த் திரும்பும் கருவிகள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் கருவி அனுப்பிய எண்களை உட்கார்ந்து படித்தார்களா என்பதுதான் எனக்கு அறிய ஆவல்.

மோட்டார் கிடைக்காத இடத்தில்

கருமருந்து மோட்டார் வாங்குவதற்கும் ஏவுவதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. அமெரிக்காவில் பொம்மைக் கடையில் கிடைப்பது வேறு நாட்டில் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வரலாம். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் தங்கள் ஊர் விதியை விசாரிக்க வேண்டும்; விமானத்தில் மோட்டாரைக் கொண்டுபோகலாம் என்று கனவிலும் நினைக்க வேண்டாம்.

அதற்கு மாற்றாக நீர் ராக்கெட் இருக்கிறது. இரண்டு லிட்டர் சோடா பாட்டில், சைக்கிள் பம்பு, கொஞ்சம் தண்ணீர். அழுத்திய காற்று தண்ணீரைக் கீழே பீச்ச, பாட்டில் மேலே போகிறது. ஆசிய-பசிபிக் விண்வெளி அமைப்புகளின் மன்றம் 2005 முதல் பள்ளி மாணவர்களுக்கு இதில் சர்வதேசப் போட்டி நடத்தி வருகிறது. துடுப்பு, ஈர்ப்பு மையம், காற்றுத் தடை, பாராசூட் என்று மேலே சொன்ன பாடம் அனைத்தையும் இதிலும் நடத்தலாம். கண்ணுக்குக் கண்ணாடி, தூரத்திலிருந்து இழுக்கும் கயிறு, புதிய கீறலில்லாத பாட்டில் மூன்றும் கட்டாயம். கண்ணாடி பாட்டிலும் உலோகப் பாகமும் கூடவே கூடாது.

நான் முதலில் கொடுக்கும் கேள்வி இது: எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அதிக உயரம்? காற்றழுத்தத்தை மாற்றாமல் கால் லிட்டர், அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று ஊற்றி, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஏவி, வரைபடம் போடச் சொல்வேன். நிறையத் தண்ணீர் என்றால் நிறைய உந்துவிசை என்றுதான் முதலில் எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள். வரைபடம் ஏறி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வரும் இடத்துக்கு அருகே வளைந்து, இறங்கத் தொடங்கும். ஏன் இறங்குகிறது என்று அடுத்த சனிக்கிழமை வந்து சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவேன்.